தூள் விற்க ஒரு வரவேற்புரை

நீலப் பேனையால் நெருக்கி எழுதிய ஒன்பது கொப்பித் தாள்கள். நெடுங்கேணிப் பக்கத்து மாதர் சங்கம் ஒன்றின் தலைவி அவற்றை என் மேசையில் வைத்து, இரண்டு கையாலும் நீவிவிட்டார்.

"இதுதான் பிள்ளை எங்கட இணையத்தளம். ஒரு எழுத்தும் விடாமல் அடியுங்கோ."

வவுனியாவில் ஒரு கணினிக் கடையில் எனக்கு அப்போது இணையத்தளம் செய்கிற வேலை. சங்கத்துப் பெண்கள் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்துக் கறித்தூள் விற்றார்கள். அரைக்கிற மெசினைக் கொடுத்த உதவி நிறுவனம் கூடவே ஒரு நிபந்தனையும் கொடுத்திருந்தது. ஆறு மாதத்துக்குள் தூள் கேட்டு வெளியூர் ஓடர் வராவிட்டால் மெசின் வேறு ஊருக்குப் போய்விடும். மெசின் போனால் பதினொரு பெண்கள் மறுபடியும் கூலிக்குப் புல்லுப் பிடுங்கப் போகவேண்டும். தலைவியும் அவர்களில் ஒருவர். ஆறில் மூன்று மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டது.

தாள்களை வாசித்தேன். முதலில் இறைவணக்கம். அடுத்தது வரவேற்புரை, கிராம அலுவலர், கோயில் நிர்வாகத்தினர், பாடசாலை அதிபர், விளையாட்டுக் கழகத்தினர் என்று ஒருவர் விடாமல் விளித்து வணக்கம். பிறகு தலைமையுரை, ஆசியுரை. ஒன்பதாம் தாளில், நன்றியுரைக்கும் கீழே, 'கறித்தூளும் பெற்றுக்கொள்ளலாம்' என்று ஒரே ஒரு வரி. எங்கள் பக்கத்தில் ஒரு கிணறு திறந்தாலும் இந்த ஒழுங்கில்தான் திறப்பார்கள். ஒரு பெயர் விடுபட்டால் வருடக்கணக்கில் மனஸ்தாபம். தெரிந்திருந்தும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, வந்து பாக்கிறவை ஒரு நிமிசம்கூட நிக்கமாட்டினம். என்ன விக்கிறம், எப்பிடி வாங்கிறது எண்டு முதல் வரியிலயே சொல்லவேணும்."

"படலையைத் திறந்து வந்த ஆளை இருங்கோ எண்டு சொல்லாமல், தூள் வேணுமோ எண்டு கேக்கிறதே? உங்கட வீட்டில அப்பிடியோ வளத்தவை?"

வளர்ப்பையே இழுத்துவிட்டார். ஒன்பது தாளையும் அப்படியே ஏற்றிவிட்டேன்.

இரண்டு கிழமைக்குள் கனடா, லண்டன், நோர்வே என்று மின்னஞ்சல்கள் குவிந்தன. தலைவி பஸ் பிடித்து ஓடிவந்தார். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். விழா சிறக்க வாழ்த்துகள். வரமுடியாமைக்கு வருந்துகிறேன். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்த தன் மாமனாரின் பெயர் ஏன் இல்லை என்று ஒருவர் கோபித்திருந்தார். தூளைப் பற்றி ஒரு சனமும் கேட்கவில்லை. தலைவிக்கோ பெருமை தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த நேரம் பார்த்து அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. லண்டனிலிருந்து ஒருவர், விழா எந்தத் திகதி என்று கேட்டார். விழா இல்லை என்றதும், அப்படியென்றால் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்றாராம். தலைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"தூள் தம்பி, தூள்! எங்கட செத்தல், எங்கட கையால வறுத்தது. சாயம் போடேல்லை, மா கலக்கேல்லை. எத்தினை கிலோ வேணும்? விலாசத்தைச் சொல்லுங்கோ, அனுப்பிவிடுறன்."

அவர் மூன்று கிலோ கேட்டார். தலைவி சொன்னதைச் சொன்னபடியே நான் ஒரு கடதாசித் துண்டில் எழுதி நீட்டினேன். இதுதான் முதல் வரி என்றேன்.

"இதில மரியாதை எங்க கிடக்கு?" என்றவர், சுவரில் தொங்கிய கலண்டரில் மிச்ச நாட்களை எண்ணினார். "சரி, போடுங்கோ. ஆனால் ஒருத்தற்ற பேரையும் வெட்டக்கூடாது."

வெட்டவில்லை. ஒன்பது தாளையும் 'எங்களைப் பற்றி' என்ற பொத்தானுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன். அந்தக் கிழமையே ஏழு ஓடர் வந்தது.

ஆறாம் மாத முடிவில் உதவி நிறுவனத்தின் உத்தியோகத்தர் வந்தார். மாலை, ஒலிபெருக்கி, வரிசையாகக் கதிரைகள். தலைவி எழும்ப, ஒரு மணித்தியாலத்துக்குத் தோதாக எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தோம்.

"ஐயா, மாதம் நாப்பது கிலோ வெளியூருக்குப் போகுது. மெசின் எங்களுக்கு வேணும். ஓமெண்டு சொல்லுங்கோ."

அவ்வளவுதான், கதிரையில் இருந்துவிட்டார். உத்தியோகத்தர் தன் சட்டைப்பையில் இருந்த உரையை எடுப்பதா விடுவதா என்று தடுமாறி, "ஓம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினொரு பெண்களும் கை தட்டவும் மறந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

இப்போது எனக்குச் சொந்தக் கடை. முதல் வரி சுருக்கமாக இருக்கவேண்டும் என்பதை வருகிறவர்களுக்கு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்துகிறேன். போன கிழமை நெடுநாளைக்குப் பிறகு தலைவியின் நினைவு வந்து தொலைபேசி எடுத்தேன். பின்னால் மெசின் இரைந்துகொண்டிருந்தது.

"சொல்லுங்கோ, எத்தினை கிலோ?" என்றார்.

சுகம் விசாரிக்கத்தான் எடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, இரண்டு கிலோ என்றேன்.