பதினொரு மணிக்குக் கூடும் சபை

ஆந்திரத்துப் புத்தூரில் பேருந்திலிருந்து இறங்குபவரின் கையைத்தான் முதலில் பார்ப்பார்கள், அப்புறம் காலை. எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ள வரும் ஊர் அது. என்னையும் ஓர் ஆட்டோக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க சார் ஒடைஞ்சிது?" என்று கேட்டார். திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு தமிழில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். ஒன்றும் உடையவில்லை என்று சொல்லி, பழைய எம்.பி. வீட்டுக்குப் போகவேண்டும் என்றேன். அவர் முகத்திலிருந்த வியாபாரக் களை போய்விட்டது.

"பதினொண்ணுக்குள்ள போய்டுங்க சார். சபை கூடிட்ச்சின்னா கதவு தொறக்க மாட்டாங்க."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

என்னை வரவழைத்தவர் எம்.பி.யின் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தன் தந்தை நாடாளுமன்றத்தில் சமூகச் சீர்திருத்தம், சட்டத் திருத்தம் என்று பேசிய பேச்சுகளையெல்லாம் தமிழில் ஒரு புத்தகமாகப் போட ஆசைப்பட்டார். குழந்தைத் திருமணம், வரதட்சணை, கையால் மலம் அள்ளுவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு. கடைசியாகச் சொன்ன மசோதாவின்போது அவர் பேசிய ஆங்கிலப் பேச்சைப் படித்துவிட்டு நானே எழுந்து நின்றேன். உட்காரும்போது என் மனைவி, "யாரு வந்தாங்க?" என்றாள்.

இப்போது அவருக்கு நினைவு போய்விட்டது. சாப்பிட்டதா இல்லையா என்பது தெரியாது. மகனைச் சில நாள் மின்வாரிய ஊழியர் என்று நினைத்து, கரண்ட் ஏன் அடிக்கடி போகிறது என்று விசாரிப்பார். ஆனால் காலை பதினொரு மணி ஆனால் எழுந்துவிடுவார். கூடத்து நீள மேசையின் ஒரு முனையில் போய் நிற்பார். அவருக்கு அப்போது சபை கூடிவிட்டது.

இதை எனக்குச் சொன்னவர் அவருடைய தங்கை. எழுபதைத் தாண்டிய விதவை. அதே வீட்டின் பின்கட்டில் இருந்துகொண்டு அண்ணனைப் பார்த்துக்கொள்கிறவர். என்னைச் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்காரவைத்தார்.

"இங்க குந்துங்க சார். வாய மட்டும் தொறக்காதீங்க. இருமினாக்கூட அண்ணனுக்குக் கோவம் வரும்."

சரியாகப் பதினொன்றுக்கு அந்தப் பெரியவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கிழவரின் உடம்பிலிருந்து நடுவயதுக்காரர் ஒருவரின் குரல் வந்தது. அவைத் தலைவரை விளித்தார். ஆங்கிலம். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அதே பேச்சு. என் மடியில் அச்சுப்பிரதி இருந்தது. விரலை வைத்துப் பின்தொடர்ந்தேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. என் தொலைபேசியில் என் வீட்டு எண்ணையே தேடி எடுக்கும் எனக்கு இது பெரிய அவமானம்.

பாதிப் பேச்சில் சட்டென்று நிறுத்தினார். தலையைச் சாய்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

நாடாளுமன்றத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பேசும்போது வேறோர் உறுப்பினர் குறுக்கிட்டால், இவர் சம்மதித்து உட்கார்ந்து அவருக்கு வழிவிடலாம். அவர் கேட்டு முடித்ததும் இவர் எழுந்து பதில் சொல்வார். பெரியவர் அப்படித்தான் வழிவிட்டிருந்தார். மேசையின் எதிர்முனையில் ஜன்னலோரம் ஒரு தேக்கு நாற்காலி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் யாரும் இல்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை தலையாட்டினார். ஒருமுறை கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், திட்டு வாங்குகிறவர் மாதிரி. நான் அச்சுப்பிரதியைப் புரட்டினேன். அந்த இடத்தில் குறுக்கீடு எதுவும் அச்சாகவில்லை.

மறுபடி எழுந்தவர் ஆங்கிலத்தில் சொன்ன பதிலும் அச்சில் இல்லை. "மாண்புமிகு உறுப்பினரின் கோபம் எனக்குத் தெரியும். சிறுவயதிலிருந்தே தெரியும்." அப்புறம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

அன்று மத்தியானம் பின்கட்டில் களியும் கீரைக்குழம்பும் போட்டார் அந்த அம்மா. அந்த நாற்காலியில் யார் என்று கேட்டேன். உப்பு போதுமா என்று கேட்டதுபோல் சாதாரணமாகப் பதில் வந்தது.

"எங்க நைனா."

"உங்கள் அப்பா எப்போது காலமானார்?"

"சட்டம் வர்றதுக்கு முன்னாலயே பூட்டாரு. ஆனா போய்ட்டாருன்னு அண்ணனுக்கு எப்பவும் தோணினதில்ல. அந்த நாக்காலில நாங்க யாரும் குந்தினதில்ல சார். தொடச்சி வெப்பேன், அவ்ளோதான்."

எனக்குக் களி தொண்டையில் நின்றது. களி நிற்பது இயற்கைதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். நைனா உயிரோடிருந்தபோது மகளுக்கு நகை போட்டாகிவிட்டது, வீட்டில் பங்கு கிடையாது என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். அண்ணன் அன்றைக்குத் தலைகுனிந்து நின்றார். சட்டம் வரட்டும், முதல் பங்கு உனக்குத்தான் என்று அப்புறம் தனியாகச் சொன்னார். சட்டமும் வந்தது. அவர் பேச்சுக்குப் பிறகு சபையில் மேசைகளைத் தட்டினார்களாம். ஊரில் மாலை போட்டார்கள். வீட்டை மட்டும் அண்ணன் தன் மகன் பெயருக்கே எழுதிவைத்தார்.

"நீங்கள் கேட்கவில்லையா?" என்றேன்.

"டில்லில அவ்ளோ பேசற ஆளு, இந்த நாக்காலிக்கு முன்னால வந்தா மென்னு முழுங்குவாரு சார். நான் இன்னா கேக்கறது?"

இப்போது மகன் வீட்டை விற்கப் போகிறார். வாங்குகிறவர் இடித்துவிட்டு லாட்ஜ் கட்டுவார், கட்டுப் போட வருகிறவர்கள் தங்க. பெரியவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போவார்கள். இந்த அம்மாவை எங்கே அழைத்துப் போவது என்று யாரும் சொல்லவில்லை. மகன் கெட்டவரில்லை. அத்தையிடம் நேராகவே சொல்லியிருக்கிறார். "டாடி வாயால ஒரு வார்த்தை வரட்டும் அத்த. பின்கட்ட உங்க பேருக்கு எழுதிட்டுத்தான் மிச்சத்த விப்பேன். அவர் எழுதிக் குடுத்தத நானே மாத்தினா, அவர நான் பொய்யாக்கின மாதிரி ஆய்டும்."

அந்த வார்த்தை வரக்கூடிய நேரம் ஒன்றுதான். பதினொரு மணி.

நான் சொன்னேன், அவர் வழிவிடும் இடத்தில் நீங்கள் கேளுங்கள் என்று. நாடாளுமன்ற விவாதங்களை மாதக்கணக்கில் படித்தவன் சொல்கிறேன், தைரியமாகக் கேளுங்கள் என்றேன். மகனும் அந்தச் சனிக்கிழமை வந்திருந்தார். மூவரும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பெரியவர் பேசினார், நிறுத்தினார், உட்கார்ந்தார். அந்த அம்மா பெஞ்சிலிருந்தபடியே, "அண்ணா, பின்கட்டு யாருதுன்னு சொல்லு" என்றார்.

பெரியவர் எங்கள் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு பார்வையை நான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பார்த்ததில்லை.

"பார்வையாளர் மாடத்தில் இருப்பவர்கள் பேசக்கூடாது. இந்த அவையின் உறுப்பினரல்லாதவர் சொல்வது எதுவும் அவைக்குறிப்பில் ஏறாது. அந்தப் பெண்மணியை வெளியேற்றுங்கள்."

யாரும் அசையவில்லை. அவர் விரல் நீட்டியபடியே நின்றார். கடைசியில் அந்த அம்மா தானே எழுந்து பின்கட்டுக்குப் போனார். போகும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எங்கே உட்கார்ந்து கேட்கிறோம் என்பது சபையில் முதல் பாடம். புத்தகம் போடவந்த அறிஞருக்கு அது தோன்றவில்லை.

"இப்ப இன்னா சார் பண்றது?" என்றார் மகன், பெங்களூர்த் தமிழ் கழன்று.

"உறுப்பினர் ஆக்கவேண்டும்" என்றேன். "மேசைக்கு முன்னால் உட்காரவேண்டும்."

பெரியவருடையதைத் தவிர மேசையருகே இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னபோது, கேட்டதும் அடுப்பை அணைத்தார். "அதுலயா? நைனா உட்டாங்கன்னா குந்தறேன்" என்றார். பிறகு தனக்கே சொல்வதுபோல், "எப்ப உட்டாரு" என்றார்.

மறுநாள் ஞாயிறு. பதினொன்றுக்குச் சற்று முன்னால் அவர் வந்தார். தலை வாரி, துவைத்த புடவை உடுத்தி, பதிவு அலுவலகத்துக்குப் போகிறவர் மாதிரி. நாற்காலியின் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே ஒருமுறை லேசாக எழப்பார்த்து, மறுபடி அழுந்த உட்கார்ந்தார். நானும் மகனும் பெஞ்சில், வாயை மூடிக்கொண்டு.

பெரியவர் பேச்சைத் தொடங்கினார். அதே வார்த்தைகள். நிறுத்தும் இடம் வந்தது. நிறுத்தினார். நாற்காலியைப் பார்த்தவர் வழக்கம்போல் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். கண்கள் தங்கையின் முகத்தில் இல்லை. தலைக்கு மேலே, கொஞ்சம் பின்னால், நிற்கிற ஆளின் முகம் இருக்கும் உயரத்தில் இருந்தன. பிறகு மெதுவாக உட்கார்ந்து வழிவிட்டார்.

"நான் கேக்கறது ஒண்ணுதான்" என்றார் அந்த அம்மா. "பின்கட்டு எனக்கு உண்டா, இல்லியா?"

பெரியவர் எழுந்தார். இம்முறை உறுப்பினராக அல்ல. குரல் தட்டையாக, அவசரமில்லாமல் மாறியது. அவைத் தலைவரின் குரல். கேள்வி இப்போது வாக்கெடுப்புக்கு விடப்படுகிறது என்றார்.

"ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்க."

"ஆம்" என்றார் அந்த அம்மா. மாடத்திலிருந்து நானும் என்னை மறந்து முணுமுணுத்தேன். நல்லவேளை, அவர் காதில் விழவில்லை.

"எதிர்ப்பவர்கள்?"

பெரியவரின் உதடு விரிந்தது. உள்ளேயிருந்து வந்தது கரகரத்த, புகையிலை போட்ட, இன்னொரு மனிதனின் குரல். ஆங்கிலம் இல்லை.

"ஒத்துக்கமாட்டேன். பொட்டப்பசங்களுக்கு வூட்ல இன்னா பங்கு?"

பக்கத்தில் மகன் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தத் தாத்தாவை அவர் பார்த்ததே இல்லை. "யாரு அது?" என்று உதட்டை மட்டும் அசைத்தார். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. அவர் தலைகுனிந்துவிட்டார். பதினைந்து வயதுப் பெண் குனிவதுபோல். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் நிமிர்ந்தார். அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்த அந்த உயரத்தை, தன் தலைக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"நைனா, நீ செத்துப் பூட்ட. செத்தவங்களுக்கு ஓட்டு கெடையாது."

பெரியவரின் நெற்றி சுருங்கியது. ஏதோ விதிப்புத்தகத்தைப் புரட்டுவதுபோல் விரல்கள் மேசையில் நகர்ந்தன. அவர் திரும்பப் பேசியபோது அவைத் தலைவரின் குரலே வந்தது. ஆனால் அடித்தொண்டையில் ஏதோ இழுத்துப்பிடித்துக்கொண்டிருந்தது.

"இந்த அவையின் உறுப்பினரல்லாதவரின் குரல் அவைக்குறிப்பில் ஏறாது." ஒரு மூச்சு. "ஆம் என்போரே அதிகம். ஆம் என்போரே அதிகம்."

அந்த அம்மா நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழப்போனார். பெரியவர் மேசையைச் சுற்றி வந்தார், பார்வை அவர் முகத்துக்கு இறங்கியிருந்தது. நான் அந்த வீட்டுக்குப் போன நாட்களில் முதல்முறையாக அவர் தன் சொந்தக் குரலில், ஊர்த் தமிழில் பேசினார்.

"ஏந்துக்காதம்மா. குந்து. பின்கட்டு உன்னுதுதான். லேட்டு ஆய்ட்ச்சி, இல்ல?"

"பரவால்லண்ணா" என்றார் தங்கை. "கஞ்சி ஆறிடும், வா."

மகன் அப்போதே எழுந்து வெளியே போய்ப் பத்திரம் எழுதுகிறவரைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதுகூட அவருக்கு நினைவில்லை. அத்தையின் பெயரைத் தெலுங்கில் எப்படி எழுதுவது என்று அவர் கேட்டுக்கொண்டிருந்ததை மட்டும் கேட்டேன். லாட்ஜ் இப்போது முன்பாதியில் மட்டும் வருகிறது. பெரியவர் பெங்களூர் போகவில்லை. பின்கட்டிலேயே இருக்கிறார். அன்றைக்கு அப்புறம் பதினொரு மணிக்கு அவர் எழுவதில்லை என்று சொன்னார்கள். சபை ஒத்திவைக்கப்பட்டுவிட்டது. மறுபடி எப்போது கூடும் என்று யாருக்கும் தெரியாது.

அச்சுப்பிரதியில் இல்லாத எதையும் புத்தகத்தில் சேர்க்கவில்லை. அதற்கான துணிச்சல் நகைச்சுவைக் கட்டுரையாளனுக்கு இல்லை.

கடைசிமுறை போய்விட்டுக் கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏன் எழப்பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"சூடா இருந்துச்சி சார். ஆளு இப்பதான் ஏந்து போன மாதிரி."

"ஜன்னல் வெயிலாக இருக்கும்மா."

"அது வடக்குப் பக்கம் சார். அங்க வெயிலே வராது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "எனக்கு எடம் உட்டுட்டுப் போயிருக்காரு. அவ்ளோ மட்டும் ஒத்துக்கினாரே, போதாதா?"

திருப்பதிப் பேருந்தில் ஒரே ஓர் இருக்கை காலியாக இருந்தது. கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நல்லவேளை, சில்லென்று இருந்தது.