மஹீன் பாயின் டிரெய்லரும் பாஸ்கலின் என்ஜினும்

தண்டையார்பேட்டை மஹீன் பாயை யாராவது டிரைவர் என்று சொல்லிவிட்டால் போதும், முகம் தொங்கிவிடும். "ஓனர் கம் டிரைவர்" என்று உடனே திருத்துவார். இருப்பது ஒரே ஒரு டிரெய்லர். அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கி, முகப்புக்கு ஒரு பச்சையும் கதவுக்கு வேறொரு பச்சையும் அடித்த வண்டி. ஆனாலும் ஓனர் ஓனர்தானே.

இந்த ரோஷத்துக்குக் காரணம் உண்டு. மற்றவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்காக ராயபுரத்தில் வண்டியை ஓரங்கட்டினார். தொழுதுவிட்டு வந்தால் முதலாளியின் ஆள் சாவியோடு நிற்கிறான். மஹீனின் லுங்கி, தட்டு, தண்ணீர் கேன் எல்லாம் ரோட்டோரத்தில் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. போகிற வருகிறவர்கள் பார்க்க, அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இனி இன்னொருத்தன் சாவியைத் தொடுவதில்லை என்று அன்று முடிவு செய்தவர், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கியதுதான் இந்த வண்டி.

அந்த வண்டிதான் இப்போது ஆயிலைக் குடிக்க ஆரம்பித்திருந்தது. காலையில் ஊற்றினால் மறுநாள் அளவு பார்க்கும் குச்சியில் பாதியைக் காணோம். நின்று கிளம்பினால் நீலப்புகை, மேடு ஏறினால் இழுவை இல்லை. கன்டெய்னரோடு மணலி ரோட்டில் இரண்டு முறை படுத்துவிட்டது. அவருக்கு லோடு தரும் கன்டெய்னர் யார்டின் சூப்பர்வைசர் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்: "பாய், இன்னொரு வாட்டி பெட்டியோட ரோட்ல நின்னுதுன்னு வெய்யி, உன் வண்டிக்கு இங்க வேல இல்ல. அப்பால என்னான்ட வந்து நிக்காத." யார்டு போனால் வண்டி வெறும் இரும்பு. மறுபடி இன்னொருத்தன் சாவிதான்.

சாத்தாங்காடு பக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அருள்பிரகாசம், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து குப்குப்பென்று புகை அடித்தது.

"பாய், ரெண்டு வழி கீது. இத்த பிரிச்சு வேல செய்யலாம். இல்லாங்காட்டி வேற என்ஜின் போடலாம். பிரிச்சாதான் உள்ள இன்னா கூத்துன்னு தெரியும்."

"பிரிச்சப்புறம் இது ஆவாதுன்னா?"

"அப்போ ரெண்டு செலவு."

மஹீனால் ஒரு செலவைத்தான் தாங்க முடியும். அதிலும் அவருக்கு ஒரு கணக்கு இடித்தது. மீட்டரில் ஓடியிருந்த கிலோமீட்டர் ரொம்பவும் குறைவு. ஊரூராய் லோடு அடிக்கும் வண்டிகள் அதைப்போல மூன்று மடங்கு ஓடியும் இரும்பாக நிற்கின்றன. இவ்வளவு சீக்கிரம் இது படுத்ததென்றால் என்ஜினே கோளாறு பிடித்த என்ஜின், இதில் செலவழிப்பது கடலில் கொட்டுவது என்று முடிவு கட்டிவிட்டார். வேறு என்ஜின்தான். அதுவும் எது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

கல்மண்டபத்தில் பாஸ்கல் வீட்டு வாசலோரம், மரக்கட்டைகளின் மேல் தார்ப்பாய் போர்த்தி ஒரு என்ஜின் உட்கார்ந்திருந்தது. மஹீன் வண்டியில் இருக்கும் அதே ரகம், இன்னும் குறைவாக ஓடியது. பாஸ்கலும் மஹீனைப் போல ஓனர் கம் டிரைவராக இருந்தவன்தான். மழையில் மணலி ரோட்டு வளைவில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி சாய்ந்தது. சேசிஸ் முறுக்கிக்கொண்டது, கேபின் நசுங்கியது, பாஸ்கலின் இடுப்பு எலும்பு நொறுங்கியது. என்ஜினில் ஒரு கீறல் இல்லை. மற்றதெல்லாம் கழிவுக்குப் போக, அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஊன்றுகோலோடு நடமாடும் பாஸ்கலால் இனி கிளட்ச் மிதிக்க முடியாது. என்ஜின் விற்றால் வாசலிலேயே ஒரு இட்லிக் கடை போடலாம் என்று அவன் மனைவி பவுனம்மாள் காத்திருந்தாள்.

"ரெண்டு வூட்டு கஷ்டமும் ஒரே கல்லுல போயிடும். மொதல்ல அத்த முடிங்க" என்றாள் மஹீனின் மனைவி ரூஹி.

மஹீன் போய்க் கேட்டார். பேட்டரி கொண்டுவந்து ஒரு முறை ஓடவிட்டுப் பார்க்கலாமா என்றார். "பாக்கலாம் மாமு, இன்னா அவுசரம்" என்றான் பாஸ்கல். அடுத்த வாரம் போனார். இடுப்பு வலி, இன்னொரு நாள் என்றான். மூன்றாம் முறை போனபோது பவுனம்மாள் வாய்விட்டுச் சொன்னாள்: "பெரம்பூர்லேர்ந்து கூட ரெண்டு பேரு வந்து பாத்துட்டு போனாங்கண்ணே. இவுரு புடி குடுத்தே பேச மாட்டேன்றாரு."

மஹீனுக்குச் சுருக்கென்றது. வெளி ஆள் விலை கூட்டிக் கேட்கிறான், அதனால்தான் தன்னை டபாய்க்கிறான் என்று நினைத்துவிட்டார். அவள் கடைக்குப் போனதும் வாசலில் நின்றபடியே வெடித்தார்.

"எத்தினி வருசம் ஒரே லைன்ல நின்னோம் பாஸ்கலு? என்னான்டயே வெல ஏத்தி பாக்கறியா? எனுக்கு வண்டி போச்சுன்னா பொழப்பே போச்சுடா. உனுக்கு அது தெரியாதா?"

லைன் என்றால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் வண்டிகளின் வரிசை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் ரோடு நெடுக நிற்கும். அங்கே ஒரு வழக்கம், யாரும் என்ஜினை அணைப்பதில்லை. சத்தம் நின்றால் ஆள் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். பின்னால் நிற்பவன் ஒடித்துக்கொண்டு முன்னே பூந்துவிடுவான். அதனால் விடிய விடிய எல்லா வண்டியும் நகராமலே உறுமிக்கொண்டிருக்கும். மஹீன் முன்னால் நிற்பார், பாஸ்கல் பின்னால். ஒருவர் கண்ணயர்ந்தால் மற்றவர் இடத்தைக் காப்பார். இப்படித்தான் அந்தச் சிநேகிதம் வளர்ந்தது.

பவுனம்மாள் போன பக்கம் பாஸ்கல் ஒரு முறை எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அது செத்துப்போன என்ஜின் மாமு. மேலுக்குதான் பளபளன்னு கீது. உள்ள எல்லாம் புடிச்சுகினு நின்னுடுச்சு. வந்தவனுங்களையும் அதான் திருப்பி அனுப்சேன். பவுனுக்கு தெரியாது. கட போடப்போறேன்னு தெனம் சொல்லிகினு கீறா, எப்டி சொல்றதுன்னு தெர்ல."

மஹீனின் பார்வை தார்ப்பாய் மேல் போனது. கோபத்தில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இப்போது அவர் காதிலேயே திரும்ப ஒலித்தது.

"அப்போ நா இன்னாடா பண்ணுவேன்?" என்றார் கடைசியில்.

"உன் என்ஜின பிரி."

"கிலோமீட்டரே ஓடாம படுத்துகிச்சு. அத்த போய் பிரிக்க சொல்றியே."

"மீட்டர்ல சக்கரம் ஓடுனதுதான மாமு வரும்? லைன்ல நின்னது வருமா? வருசக்கணக்கா உன் பின்னாடி நின்னு உன் சைலன்சர பாத்தவன் நானு. நின்னு கெளம்பசொல்லதான் நீலமா பொக வுடும். லோடோட நல்லா மிதிச்சு ஓட்னா எண்ணூர் தாண்டறதுக்குள்ள தெளிஞ்சிடும். தேஞ்ச என்ஜினா இருந்தா தெளியாது. பாரம் இழுக்காம நின்னுகினே ஓடி ஓடி உள்ள வழவழன்னு ஆயிகீது, அவ்ளோதான்."

 இத்தனை வருடமும் மஹீன் நம்பியது மீட்டரை. லைனில் பாஸ்கலைத் தவிர ஒருவருக்கும் தோன்றாத கணக்கு இது. நின்றுகொண்டே ஓடிய ஓட்டத்தை யாரும் ஓட்டமாக எண்ணியதில்லை.

மறுநாளே அருள்பிரகாசம் என்ஜினைப் பிரித்தார். மஹீன் ஷெட் வாசலில் உட்காரவும் முடியாமல் போகவும் முடியாமல் தவித்தார். பாஸ்கல் சொன்னது தப்பென்றால் எல்லாம் முடிந்தது. மெக்கானிக் டார்ச் அடித்துக் கூப்பிட்டார். பிஸ்டன் ஏறி இறங்கும் சுவர் எவர்சில்வர் டம்ளர் போல மின்னியது.

"பாலிஷ் ஏறிப்போய் கீது பாய், ஆயில் நிக்கவே வழி இல்ல. சொவத்துல லேசா கீறிவுட்டு புது ரிங் போட்டா போதும். கீழ கிராங்க் புதுசாட்டம் கீது. என்ஜின மாத்தியிருந்தா வீணா பூட்டிருக்கும்." பிறகு விரலை நீட்டினார். "ஆனா லைன்ல சும்மா ஓடவுடாத. புது பேட்டரி போட்டு, நின்னா ஆஃப் பண்ணு."

"ஆஃப் பண்ணா எடம் போயிடும்."

"எடம் வோணுமா, என்ஜின் வோணுமா?"

வேலை முடிந்து முதல் லோடோடு மணலி மேட்டை வண்டி முக்காமல் ஏறியது. மஹீனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று லைனில் என்ஜினை அணைத்துவிட்டு முழித்தபடியே உட்கார்ந்திருந்தார். அப்படியும் இரண்டு பேர் முந்திக்கொண்டு போனார்கள். மனசாரத் திட்டினார், ஆனால் சாவியைத் திருகவில்லை. பெட்டியை இறக்கிவிட்டு, அரைக் கிலோ அல்வாவோடு நேராகக் கல்மண்டபத்துக்குப் போனார்.

வாசலிலேயே பவுனம்மாள் பிடித்துக்கொண்டாள். வண்டி ஓடும் செய்தி அவளுக்கு எட்டியிருந்தது.

"உன் பழைய என்ஜினயே ரெடி பண்ணிகினியாமே. இத்த நம்பி நா அடுப்புக்கு சொல்லி வெச்சேன். வேணான்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம் இல்ல? இத்தினி வருசம் உன் பின்னாடியே நின்னாரு. கடசில நீயும் வுட்டுட்டு போயிட்ட."

உள்ளே கட்டிலில் பாஸ்கல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மஹீன் அவன் பக்கம் பார்க்கவில்லை.

"தப்புதான்மா. சல்லிசா முடியும்னு என் வண்டியயே செஞ்சுட்டேன். உங்கள நெனைக்கல" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் மேலும் பேசினாள். அவர் அல்வாப் பொட்டலத்தைப் பிடித்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பேசப் பேச, உள்ளேயிருந்து ஊன்றுகோல் சத்தம் வந்தது.

"அவன வுடு பவுனு" என்றான் பாஸ்கல். "அந்த என்ஜினு ஓடாது. நாந்தான் அவனுக்கு தர மாட்டேன்னு சொன்னேன்."

"ஓடாதா? அடியே படலன்னு சொன்ன?"

"அடி படல. வண்டி சாஞ்சு கெடக்கசொல்ல அது ஓடிகினே இருந்துச்சு. சாஞ்சா ஆயில் ஏறாது. இரும்போட இரும்பு உரசிகினு கத்துது. ஆஃப் பண்ணலாம்னு பாத்தேன், இடுப்பு சிக்கிகிச்சு, கை எட்டல."

பவுனம்மாள் என்ஜின் பக்கம் திரும்பவே இல்லை. விபத்தைப் பற்றி ஊரெல்லாம் கேட்டபோது, மயங்கிவிட்டேன், ஒன்றும் நினைவில்லை என்றுதான் அவன் இத்தனை நாளும் சொல்லி வந்திருந்தான். அவளும் அதை நம்பியிருந்தாள். கிட்டே போய் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"முழிச்சுகினா கெடந்த? எவ்ளோ நேரம்யா கேட்டுகினு கெடந்த?"

"அது நிக்கற வரைக்கும்" என்றான் பாஸ்கல்.