வெடிப்பில் தப்பிய நட்சத்திரமும் நானும்

அதிவேகமாக ஓடும் நட்சத்திரங்களைக் கண்டுபிடிப்பது எங்கள் தொழிலில் கால்வாசி. ஓடாமலே ஓடுவதுபோல் ஏமாற்றுபவற்றைக் கழித்துக்கட்டுவது முக்கால்வாசி. 'என்ன வேலை பாக்குறீங்க?' என்ற கேள்விக்கு அரைமணி நேரம் பதில் சொல்லித் தொண்டை வறண்ட பாவப்பட்ட ஜீவன்களே, இது உங்களுக்காக.

டாக்சிப் பாடம்

கிளமெண்டியில் டாக்சி ஏறினேன். ஓட்டுநர் தமிழர். நட்சத்திர ஆராய்ச்சி என் வேலை என்றதும், "சிங்கப்பூர்ல ராத்திரியே பகல் மாதிரி இருக்கு, எங்கம்மா நட்சத்திரம் பாப்பீங்க?" என்று மடக்கினார். வெளிநாட்டுத் தொலைநோக்கிகள் பார்த்ததைப் பல்கலைக்கழகக் கணினியில், பட்டப்பகலில், ஏசி குளிரில் சலித்தெடுப்பதுதான் வேலை என்றேன்.

எதைத் தேடுகிறேன் என்றும் சொன்னேன். எரிந்து முடிந்த இரண்டு நட்சத்திரங்கள், வெண்குறுமீன்கள் என்று பெயர், ஒன்றையொன்று நெருங்கி அசுர வேகத்தில் சுற்றுகின்றன. ஒன்று வெடித்துச் சிதறுகிறது. தட்டாமாலை சுற்றும்போது ஒருத்தி கையை விட்டால் மற்றவள் என்ன ஆவாள்? அப்படித்தான், தப்பிய நட்சத்திரம் அதே வேகத்தில் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை யோசித்துவிட்டு அவர் சொன்னார்: "அப்ப வெடிச்சதும் நல்லதாப் போச்சு லா. இல்லாட்டி இவளும் ஆயுசுக்கும் அங்கயே சுத்திக்கிட்டு இருந்திருப்பா!"

அவசரக் குடுக்கை

முதல் நட்சத்திரம் சிக்கியபோது, சரிபார்ப்பதற்கு முன்பே வீட்டில் உளறிவிட்டேன். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுபவர், சிராங்கூன் சாலைப் பூக்கடைவரை செய்தியைக் கொண்டுபோய்விட்டார். பிறகு பார்த்தால் தூரத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். எங்கள் தொழிலின் பரம்பரை வியாதி இது. பக்கத்தில் மெதுவாக நகரும் நட்சத்திரத்தை வெகுதொலைவில் இருப்பதாக நினைத்துவிட்டால், அந்தச் சின்ன நகர்வே பெரிய வேகமாகத் தெரியும்; ஆமையும் குதிரையாகிவிடும்.

பூக்கடைக்காரர் பார்க்கும்போதெல்லாம் "நட்சத்திரம் எப்படி இருக்கு?" என்று விசாரிக்க, அத்தை கடையையே மாற்றிக்கொண்டார். பக்கத்து மேசைத் தோழி செல்வியாவது ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது: "நட்சத்திரம் எங்கயும் ஓடல. நீதான் முந்திக்கிட்டு ஓடியிருக்க."

பழுதான பதிவு

இரண்டாவது சிக்கியபோது வாயைத் திறக்கவில்லை. இதுவும் பொய்யானால் துறையில் என் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள். அதனால் தூரக்கணக்கை மட்டும் நம்பாமல் வேறு சாட்சி தேடினேன். பெரும்பாலான நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஹைட்ரஜன் தெரியும். நான் தேடும் ரகம் தன் ஹைட்ரஜனை எப்போதோ தீர்த்துவிட்டது. அதில் தெரியக் கூடாது. சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்றில் அதன் ஒளியைப் பதிவுசெய்யக் கேட்டிருந்தேன்.

ஒரு காலையில் மின்னஞ்சல் வந்தது. முதல் வரியிலேயே மன்னிப்பு. அடுத்த வரியைப் படித்ததும் நான் துள்ளி எழுந்து கத்தியதில் செல்வியின் கோப்பி கொட்டியது. அந்த வரி இதுதான்: "பதிவு பழுதாகிவிட்டது என்று நினைக்கிறோம்; ஹைட்ரஜனையே காணோம்."

எதிர் பிளாக்குக்கு மேலே

மறுபடி பதிவுசெய்தார்கள். வேறொரு தொலைநோக்கியும் பார்த்தது. அதேதான்! இருட்டே இல்லாத இந்தத் தீவில் உட்கார்ந்துகொண்டு, துணை வெடித்தும் பிழைத்த ஒரு நட்சத்திரத்தை நான் கண்டுபிடித்திருக்கிறேன். தன்னடக்கமெல்லாம் அப்புறம். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தையிடம் சொன்னேன். நிஜம்தானா என்று அவர் கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார். மத்தியான வெயில். சன்னல் வழியே எதிர் அடுக்குமாடி பிளாக்குக்கு மேலே கை காட்டினேன். நம் பால்வீதியை விட்டே போய்க்கொண்டிருக்கிறது, இனி திரும்பாது என்றேன். வெறும் வெள்ளை வானத்தைப் பார்த்து அத்தை கையை அசைத்தார். "போயிட்டு வா, கண்ணு."

அது ஒருநாளும் திரும்பி வராது என்று பக்கம் பக்கமாகக் கணக்குப்போட்டு நிரூபித்தவள் நான்தான் என்றாலும், அத்தை சொன்ன பிறகு இன்னொருமுறை சரிபார்த்துவிடுவது நல்லதென்று தோன்றுகிறது.