ஒத்தாலம்பட்டிப் பெட்டியும் மூன்று இழுப்பறைகளும்

எங்கள் ஆய்வு நடுவம் வெளியிட்ட வட்டார வரலாற்று நூலில் ஒத்தாலம்பட்டியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் உண்டு. இன்று அதைப் பலரும் மேற்கோள் காட்டுகின்றனர். அண்மையில் மதுரையில் நடந்த ஒரு கருத்தரங்கில் இளைஞர் ஒருவர், "புதிதாகக் கிடைத்த ஓர் ஆவணத்தால் அந்த உண்மை வெளிவந்தது" என்று உரையாற்றினார். நான் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். அப்படி ஓர் ஆவணம் கிடைக்கவே இல்லை. எங்கள் கையில் முன்பே இருந்ததையும் ஊர் முன்பே அறிந்ததையும் சேர்த்துப் பார்க்கக் கற்றோம், அவ்வளவே. அதை அறிந்தோர் அருகி வருவதால், நடந்ததை நடந்தவாறு எழுதிவைப்பது கடமையாகிறது.

1. அச்சுப்படியில் ஒரு பெயர்

எழுபதுகளின் இறுதி. நடுவத்தில் நான் ஆய்வு அலுவலன். என்னுடன் பணிபுரிந்தவர் ஒச்சம்மாள். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒத்தாலம்பட்டியில் பிறந்து, மதுரையில் முதுகலை முடித்தவர். அலுவலகத்தில் அவர் நாவுக்கு அஞ்சாதவர் இல்லை.

அவர் ஒரு நாள் காலை அச்சுப்படிகளை ஏந்தி என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, இந்தப் பக்கத்தப் பாத்தீகளா?"

"எழுத்துப் பிழையா?"

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆளத்தான் தப்பா அடிச்சிருக்காக."

பக்கத்தில் இருந்தது இது: 'ஒத்தாலம்பட்டி ஆடவர் இரவில் கூட்டமாகப் புறப்பட்டுக் கொள்ளையடித்து வந்தனர். ஒருமுறை திருட்டுப் பொருள் நிறைந்த பெட்டியுடன் பிடிபட்டனர். கூட்டத் தலைவன் பேயாண்டி, வினாக்களுக்கு விடை கூற மறுத்தான்.'

"பேயாண்டி எங்க தாத்தா," என்றார் ஒச்சம்மாள். "எங்கய்யாவப் பெத்தவரு. இது புத்தகமா வந்துருச்சுன்னா பள்ளிக்கூடத்துல வைப்பாக. எங்க ஊருப் புள்ளைக வாசிக்கும்."

இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். வெள்ளையர் ஆட்சியில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. சில இனத்தவரைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என அது அறிவித்தது. ஒருவர் என்ன செய்தார் என்று அது கேட்கவில்லை. யாருக்குப் பிறந்தார் என்று மட்டுமே கேட்டது. மதுரைக்கு மேற்கே பல ஊர்களில் ஆடவர்தம் கைரேகைகளைப் பதிவுசெய்தனர். இரவில் ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். மக்கள் அதனை 'ரேகைச் சட்டம்' என்றனர். விடுதலையை ஒட்டி அது நீக்கப்பட்டது. ஆனால் அதன்கீழ் எழுதப்பட்ட அறிக்கைகள் அப்படியே இருந்தன. அவற்றில் ஒன்றிலிருந்துதான் எங்கள் நூலின் அப்பத்தி எடுக்கப்பட்டிருந்தது.

2. தலைவரின் விதி

நூலின் தலைமைப் பதிப்பாசிரியர் பேராசிரியர் இராசமாணிக்கம்; எங்களுக்கு அவர் 'தலைவர்'. எழுத்தில் இல்லாததை ஏற்காதவர். நாங்கள் இருவரும் அவர் அறைக்குச் சென்றோம்.

"ஏம்மா, ரிப்போர்ட்ல இருக்கு. நாமளா எழுதினோம்?" என்றார்.

"ரிப்போர்ட்டும் ஒரு ஆளு சொன்னதுதான சார். அந்த ஆளு மையத் தொட்டுச் சொன்னாரு. எங்க ஊர்ல வாயால சொல்லுதாக."

"என்ன சொல்றாங்க?"

ஒச்சம்மாள் சற்றுத் தயங்கினார். "தாத்தா களவுக்குப் போகலன்னு சொல்லுவாக. அதுக்கு மேல கேட்டா அத்தை பேசாது."

"பாத்தியா? இத வச்சு நான் என்ன செய்ய?" குரலில் ஏளனம் இல்லை, உண்மையாகவே கேட்டார். "பேத்தி சொன்னான்னு திருத்தினா, நாளைக்கு ஊருக்கு ஒரு பேத்தி வருவா. சான்று கொண்டா. மாசி முடியட்டும். அதுவரைக்கும் அந்தப் பக்கத்த நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல அச்சகத்துக்காரன் என்னைய நிறுத்தி வச்சிருவான்."

3. கண்மாய்க் கரையில் ஒப்பாரி

ஒச்சம்மாளின் அத்தை விருமாயி, பேயாண்டியின் மகள். தந்தையை நினைத்து அவர் பாடும் ஒப்பாரி ஒன்று உண்டு என்று ஊரில் கேள்விப்பட்டோம். கேட்க விரும்பினோம். அவரோ மறுத்துவிட்டார்.

"சாவு விழாத வீட்டுக்குள்ள ஒப்பாரி வைக்கச் சொல்லுதீகளே, படிச்ச ஆளுகதான?"

அது முறையான மறுப்பே. இறுதியில், வீட்டில் ஆகாதென்றால் கண்மாய்க் கரைக்குப் போகலாம் என்று அவரே வழி சொன்னார். நான் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு பின்தொடர்ந்தேன். கரையில் அமர்ந்து, சேலைத் தலைப்பை வாயருகே இழுத்துக்கொண்டு தொடங்கினார்.

*வாயத் தொறந்திருந்தா – எங்கய்யா*
*வாசப்படி மிதிச்சிருப்பீக;*
*பேசாத வாயோட – எங்கய்யா*
*பெருஞ்செயிலு போனீகளே…*

குரல் உச்சத்திற்குச் செல்லுமுன், வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்துவிட்டனர்.

"யாருத்தா? யாரு போய்ச் சேந்தது?"

"எங்கய்யாதான்," என்றார் விருமாயி, கண்ணைத் துடைத்தவாறே.

"அவரு போயி எம்புட்டுக் காலமாச்சு?"

"இந்தச் சாருக்கு இப்பத்தான தெரியுது."

வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை ஒலிப்பதிவுக் கருவியால் பதிவுசெய்ய இயலவில்லை. ஆனால் திரும்பிப் போகாமல் அமர்ந்துவிட்டனர். பாட்டு முடிந்தபின் நான் கேட்டேன்: "ஏன் பேசவில்லை?"

"பெட்டி முன்னால கம்பு பிடிச்சுப் போறவரு பேசலாமா?" என்றார் விருமாயி, இது தெரியாதா என்பது போல.

மாசிச் சிவராத்திரியன்று குலதெய்வத்தின் ஆடை அணிகளைப் பெட்டியில் வைத்துத் தோளில் சுமந்து கோயிலுக்கு நடப்பது அப்பகுதி வழக்கம். பெட்டியை வீட்டிலிருந்து எடுத்த நொடிமுதல் கோயிலில் இறக்கும்வரை, சுமப்பவரும் முன்னே கம்பு பிடித்துச் செல்பவரும் வாய் திறக்கக் கூடாது என்பது ஒத்தாலம்பட்டியாரின் நோன்பு. அந்த ஆண்டு வழியில் காவலர் மறித்தனர். பேயாண்டி பேசவில்லை. கைரேகையை வைத்துத்தான் அவர் பெயரையே அறிந்தனர்.

"வழக்கு மன்றத்திலாவது சொல்லியிருக்கலாமே?"

"பெட்டி கோயில்ல எறங்கலையே. எப்படிப் பேசுவாரு?" என்றார் விருமாயி. "செயிலுக்குப் போயிட்டு வந்தாரு. அடுத்த மாசிக்குள்ள பெட்டியத் திருப்பிக் குடுத்தாக. கொண்டுபோய் எறக்கின பொறவுதான் வாயத் தொறந்தாரு. மொதப் பேச்சு என்ன தெரியுமா? குடிக்கத் தண்ணி கேட்டாரு."

ஒச்சம்மாள் அத்தையை வியந்து நோக்கினார். "இத ஏன் அத்தை எங்கிட்டச் சொல்லல?"

"நீ ஒப்பாரியக் கேட்டியா? களவுக்குப் போனாரா போகலையான்னு வக்கீல் மாதிரில்ல கேட்ட."

4. இழுப்பறைகளைக் கவிழ்த்தது

எங்கள் நடுவத்தில் குறிப்புகளை அட்டைகளில் எழுதிப் பொருள்வாரியாக இழுப்பறைகளில் அடுக்குவோம். அதுவே ஒழுங்கு என்று அனைவரும் கருதினோம். பேயாண்டியின் கைது 'குற்றம்' என்ற இழுப்பறையில் இருந்தது. மாசிப் பெட்டி வழக்கம் 'வழிபாடு' என்ற இழுப்பறையில் இருந்தது. விருமாயியின் ஒப்பாரியும் 'வாய்மொழிப் பாடல்' இழுப்பறைக்குத்தான் போயிருந்தது. ஒரே ஊர், ஒரே நாள், ஒரே மனிதர், மூன்று இழுப்பறைகள். அவை ஒன்றையொன்று சந்திக்க எங்கள் ஒழுங்கே இடம் தரவில்லை.

ஒத்தாலம்பட்டி அட்டைகள் அனைத்தையும் எடுத்துத் தரையில் பரப்பி, பொருள்வாரியாக அன்றிக் காலவாரியாக அடுக்கினோம். அறிக்கையின் ஆங்கிலத் தேதியைப் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டேன். கைது நடந்தது சிவராத்திரி நாள். அறிக்கையை மீண்டும் படித்தேன். 'பெட்டியின் பூட்டு உடைத்துத் திறக்கப்பட்டது. உள்ளே மணிகள், பட்டுத் துணிகள், அரிவாள்கள். உரியவர் எவரும் வந்து கோரவில்லை.' உரியவர் சாமி. எப்படி வந்து கோரும்?

தலைவரிடம் இவற்றை வைத்தோம். நெடுநேரம் படித்தார்.

"நாள் பொருந்துது. ஆனா தகப்பனப் பத்தி எந்த மக தப்பாப் பாடுவா? சாமி பேரச் சொல்லி அன்னைக்கு வேற வேலைக்குப் போயிருக்கலாம்ல? ஒட்டு உறவில்லாத ஆளு ஒருத்தரு சொல்லணும்பா."

ஒச்சம்மாளின் முகம் சிவந்தது. எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது. மாசியும் பிறந்திருந்தது.

5. கயிறு கட்டிய பெட்டி

சிவராத்திரி மாலை, வெயில் தாழுமுன் மலையடிவாரக் கோயிலை அடைந்தோம். பல ஊர்ப் பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பூசாரி ஒத்தாலம்பட்டிக்கு உறவினர் அல்லர். அவர் ஊருக்கும் அவ்வூருக்கும் வாய்க்கால் தகராறுகூட உண்டு என்றார் ஒச்சம்மாள்.

பெட்டிகள் எல்லாம் இறங்கிய பின் பூசாரி விளக்கை ஏற்றாமல் நின்றார். ஒத்தாலம்பட்டிப் பெட்டி அவர் கண்ணெதிரேதான் இருந்தது. இருந்தும் உரக்கக் கேட்டார்.

"ஒத்தாலம்பட்டிப் பெட்டி வந்துருச்சா?"

"வந்துருச்சு சாமி," என்றது கூட்டம்.

மும்முறை கேட்டார், மும்முறையும் விடை வந்தது. அதன்பின்பே விளக்கு.

"சின்னப் புள்ளையிலருந்து கேக்கேன்," என்று என் காதருகே சொன்னார் ஒச்சம்மாள். "எங்க ஊருக்கு மட்டும் தனி மரியாதைண்ணே."

பூசை முடிந்ததும் நான் பூசாரியை அணுகி, அவ்வூரை மட்டும் கேட்பது ஏன் என வினவினேன்.

"மரியாதை என்ன மரியாதை," என்றார் அவர். "எங்கய்யா பூசாரியா இருந்தப்ப ஒரு சிவராத்திரிக்கு அவுக பெட்டி வரல. வெளக்கேத்தாம விடிய விடியச் சாமி காத்துக் கெடந்துச்சு. வழியில போலீசு பிடிச்சுட்டான்னு விடிஞ்சுதான் சேதி வந்துச்சு. அன்னையிலருந்து கேட்டுட்டுத்தான் வெளக்கு."

"போச்சு," என்றார் ஒச்சம்மாள். "இம்புட்டு நாளாப் பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே."

பூசாரி பேசிக்கொண்டிருக்கையில் என் கண் பெட்டிகளின்மீது சென்றது. ஒவ்வொன்றிலும் பித்தளைப் பூட்டு தொங்கியது. ஒத்தாலம்பட்டிப் பெட்டியில் மட்டும் பூட்டு இல்லை. நாதாங்கி இருந்த இடத்தில் மரம் பிளந்திருந்தது. பெட்டியைக் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தனர்.

"பூட்டு எங்கே?"

"அந்த வருசம் ஒடச்சுட்டாகல்ல," என்றார் பூசாரி. "பொறவு அவுக பூட்டுப் போடல. அந்நியக் கை ஒடச்ச எடத்துல பூட்டு நிக்காதுன்னு கயிறுதான்."

அறிக்கையில் ஒரு சொற்றொடர்: 'பூட்டு உடைத்துத் திறக்கப்பட்டது.' என் முன்னே பிளந்த மரம். எழுதியவர் ஒருவர், பாடியவர் ஒருவர், வாய்க்கால் தகராறுக்காரர் ஒருவர், பேசவே அறியாத பெட்டி ஒன்று. நான்கும் ஒரே இரவைச் சொல்லின. ஆய்வுப் பணியில் நான் அடைந்த பேருவகைகளுள் அதற்கு இணையானது வேறில்லை.

6. ஒரே அடிக்குறிப்பு

தலைவர் புதிய பத்தியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பூசாரிக்கும் இவங்களுக்கும் ஆகாதா?"

"வாய்க்கால்ல மண்வெட்டியோட நிப்பாக சார்," என்றார் ஒச்சம்மாள்.

"நல்லது. இதவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனா ஒண்ணு. சீட்டு இல்லாம ராத்திரி ஊரத் தாண்டினது அன்னைக்குச் சட்ட மீறல்தான்."

"எழுதுங்க சார். பொறந்ததே சட்ட மீறல்னு இருந்துச்சுங்கிறத அதுக்கு முந்தின வரியில எழுதுங்க."

தலைவர் சிரித்துவிட்டார். அவ்வாறே எழுதினோம். மறித்த காவலர்களுள் உள்ளூரார் இருந்தனரா, இருந்தால் பெட்டியை அறிந்தே வாளாவிருந்தனரா என்பதற்கு எங்களிடம் சான்றில்லை. அதையும் நூலில் வெளிப்படையாகக் கூறினோம்.

"ஃபுட்நோட்டுல ஒப்பாரிக்கு எந்த எண் போட்டீங்க?" என்றார் தலைவர்.

"அறிக்கைக்கு அடுத்த எண் ஐயா."

"மாத்துங்க. ரிப்போர்ட்டு, பஞ்சாங்கம், பாட்டு, பூசாரி, பெட்டி எல்லாத்தையும் ஒரே ஃபுட்நோட்டுல போடுங்க. வாசிக்கிறவன் ஒண்ண மட்டும் பாத்துட்டுப் போயிரக் கூடாது."

எழுத்தில் இல்லாததை ஏற்காதவர் இட்ட ஆணை அது. அதன்பின் நடுவத்தில் ஊர்வாரி, காலவாரி அடுக்கும் முறையும் வந்தது.

நூல் வெளியானதும் ஒத்தாலம்பட்டி மந்தைத் திடலில் ஒச்சம்மாள் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தார். 'திருட்டுப் பொருள்' என்ற சொல் அதில் இல்லை. 'பெட்டிக்கு முன் கம்பு பிடித்துச் சென்ற பேயாண்டி, நோன்பின் காரணமாக விடை கூறவில்லை' என்று இருந்தது. விருமாயி, "இன்னொருக்கா வாசி," என்றார். மீண்டும் படித்தார். கூட்டத்திலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்தார். நன்றி கூறப் போகிறார் என எண்ணி நான் கைகுவிக்க ஆயத்தமானேன்.

"கெழக்குப் பாதையா போனாகன்னு போட்டிருக்கீக. பெட்டி எப்பவும் ஓடைக்கு அந்தப் பக்கமாத்தான் போகும். திருத்துங்க," என்றார்.

உடனே இன்னொருவர் அரிவாள்களின் எண்ணிக்கையைத் திருத்தினார். மூன்றாமவர் இரண்டாமவரைத் திருத்தினார். சற்றுமுன்வரை தம்மைப் பற்றி எழுதப்பட்டதற்குத் தலைகுனிந்திருந்த ஊர், இப்போது எழுதியவனை நிற்கவைத்துப் பிழை திருத்தியது. ஒச்சம்மாள் என்னைப் பார்த்து, "எழுதுங்கண்ணே, எழுதுங்க," என்று சிரித்தார். அவர் அவ்வளவு மகிழ்ந்து நான் கண்டதில்லை. இரண்டாம் பதிப்பில் பாதை சரிசெய்யப்பட்டது.

ஆய்வுக்கு வரும் இளையோர்க்கு நான் சொல்லக்கூடியது இதுவே: அநீதிக்கு உள்ளானோரைப் பற்றி அநீதி இழைத்தோர் எழுதியதை மட்டும் படிக்காதீர், எறிந்துவிடவும் செய்யாதீர். அதன் அருகில் மற்றவற்றை வைத்துப் படியுங்கள். ஒன்றை ஒன்று மறுக்கும் இடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள்.

இக்குறிப்பை நினைவிலிருந்தே எழுதியுள்ளேன். ஒப்பாரியின் அடிகளோ, பூசாரி கூறிய சொற்களோ பிழைபட்டிருக்கலாம். அந்நாளில் அங்கிருந்தவர்களோ, அவர்தம் மக்களோ இதைக் காண நேர்ந்தால் தயங்காது திருத்தி உதவ வேண்டுகிறேன். எழுத இயலாதோர் வந்து சொன்னாலும் போதும். பாடிக் காட்டினாலும் ஏற்பேன்.