தேர்த் திருவிழாவில் எடுத்த படம்

நாங்கள் இருப்பது தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில். அங்கு நடக்கும் கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றையும் நாள், கிழமையோடு கொப்பியில் எழுதிவைப்பது என் வழக்கம். படம் எடுத்தால், யாருக்கு அனுப்பினேன் என்பதையும் குறித்துக்கொள்வேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து லய வரிசைவீட்டுப் பிள்ளை அரைகுறை உடையில் ஆடுவதுபோல ஒரு வீடியோ போனுக்குப் போன் பரவியது. அவள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். றப்பர் பால் வெட்டும் அவள் அப்பா அன்றைக்கே அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்.

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தலை அசையும்போது நெற்றித் திருநீறு கன்னம்வரை இழுபட்டது. ஒரு பக்கம் கலைந்த அந்தத் திருநீறும் காதோரம் தொங்கிய கனகாம்பரமும் எனக்குத் தெரிந்தவை. தேர்த் திருவிழாவில் நான் எடுத்த படத்து முகத்தைத்தான் யாரோ வேறு உடம்பில் ஒட்டியிருந்தார்கள். கொப்பியைப் புரட்டினேன். ஒரே ஒருவனுக்குத்தான் அனுப்பியிருந்தேன்: அவளுடைய அத்தை மகனுக்கு.

"என் முறைப்பொண்ணு தானேண்ணே, அனுப்புங்களேன்" என்று அவன் கேட்டிருந்தான். முறை இருக்கிறதே என்று அனுப்பினேன். அவளைக் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலையில் பிள்ளைகளோடு பொய் வீடியோக்களைப் பற்றிப் பேசுவோம். "கண்டத எல்லாம் ஷெயார் பண்ணாதீங்கடா, மாடுகளா" என்று அங்கே மற்றவர்களை அதட்டுகிறவன் அவன்தான்.

நேரில் கேட்டேன். மறுக்கவில்லை.

"படிச்சு டீச்சராயிட்டா என்னைய திரும்பிப் பாப்பாளாண்ணே? இப்ப வேற யாரு கட்டுவா? நான் கட்டிக்கிறேன்."

அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பா கதவைச் சாத்தினார். பிறகு, "குடும்பத்துக்குள்ளயே முடிச்சிக்குவோம். கட்டிக்கிறேங்கிறான்ல" என்றார்.

"அவன் செஞ்சதுக்கு நான் அவனுக்கே சோறாக்கிப் போடணுமாப்பா?" என்று உள்ளேயிருந்து வந்தாள். என் பக்கம் திரும்பினாள். "நீங்க யாரக் கேட்டுண்ணே என் படத்தக் குடுத்தீங்க?"

"முறைதானேன்னு குடுத்துட்டேம்மா" என்றேன்.

"சரி. பொலிஸ்ல வந்து சொல்லுங்க. குடுத்தது நீங்கன்னு, வாங்குனது அவன்னு."

மறுநாள் அவளும் நானும் பஸ் ஏறினோம்; தனியே விட மனமில்லாமல் அப்பாவும் வந்தார். படத்தை யார் கொடுத்தது என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்றேன். அனுப்பிய நாளையும் நேரத்தையும் போனில் காட்டினேன். அவள் தன் வாக்குமூலத்தைச் சிங்களத்திலேயே தடுமாறாமல் சொன்னாள். அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "திங்கக்கெழம பள்ளிக்கூடத்துக்கு எத்தன மணி பஸ்ஸு ஒனக்கு?" என்று அவளிடம் கேட்டார்.

"ஆறே காலு."

திரும்பும் வழியெல்லாம் இருவரும் முன்சீட்டில் பேசிக்கொண்டே வந்தார்கள். பின்சீட்டில் இருந்த என் பக்கம் அவர்கள் திரும்பவே இல்லை.