குடைக்கம்பித் தண்டவாளம்

ஒன்பது வயதில், திண்டுக்கல்லில் ரயிலைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் எவரும் இல்லை என்று உறுதியாக நம்பினேன். ஸ்டேஷன் மாஸ்டரை மட்டும் போனால் போகிறது என்று விட்டுவைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றால் பழனிப் பக்கம் போகும் வண்டி தெரியும். வேறென்ன தகுதி வேண்டும்?

அந்த வருஷம் அம்மாவின் தம்பி, கொழும்பில் கடையில் இருந்த என் சின்ன மாமா, அங்கிருந்து வந்து இறங்கினார். ஒரு டிரங்குப் பெட்டி, வளைந்த பிடி வைத்த பெரிய கறுப்புக் குடை, எனக்கென்று சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் ஒன்று. எஞ்சினும் இரண்டு பெட்டியும் இருந்தன, தண்டவாளம் இல்லை. கேட்டால், “அது பின்னால கப்பல்ல வருது தாயி,” என்றார். தரையில் விட்ட எஞ்சின் நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

தெருவில் கேட்பவர்களிடமெல்லாம் அம்மா, “தம்பி லீவுல வந்திருக்கான்,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லீவு நீண்டுகொண்டே போனதில் எனக்குச் சந்தோஷம்தான். மாமா காலையில் கஞ்சி குடித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பின்சந்து வழியாகக் கிளம்புவார். ஆளுகளைப் பார்க்கப் போவதாகச் சொல்வார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார்.

தண்டவாளத்தை நானே போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். “பொட்டப் புள்ளைக்கு எதுக்குடி ரயிலு?” என்றாள் அம்மா. அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. சைக்கிள் சக்கரத்துக் கம்பியை வைத்துப் பார்த்தேன். உருண்டையாக இருந்ததால் எஞ்சின் வழுக்கி விழுந்தது. புகையிலைச் சிப்பம் கட்டிவரும் இரும்புப் பட்டை ஒரு இடத்தில்கூட நேராக நிற்கவில்லை. கடைசியில் பரணில் கிடந்த ஓட்டைக் குடை ஒன்றில் விடை கிடைத்தது. குடைக்கம்பி மெல்லிய எஃகு. வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும், சக்கரம் அதன்மேல் அழகாக உட்கார்ந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெருமுனையில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர் என் தொல்லை தாங்காமல் சுருட்டுப் பெட்டிப் பலகையைச் சிறு கட்டைகளாக அறுத்து, சக்கரத்தின் அகலத்துக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு வெட்டுப் போட்டுக் கொடுத்தார். வெட்டில் கம்பியைச் செருகினால் அசையாமல் நின்றது. கட்டைக்குக் குறைவில்லை, கம்பிக்குத்தான் பஞ்சம். மார்க்கெட் வாசலில் குடை ரிப்பேர் செய்பவரிடம் போனேன்.

“மழை பேஞ்சு ரெண்டு வருசமாச்சு. எவன் குடையை ஒடிக்கிறான்? கம்பிக்கு நான் எங்க போவேன் பாப்பா?” என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் பையைக் கொட்டிக் காட்டினார். துரு ஏறியதையெல்லாம் நான் ஒதுக்கித் தள்ளியதைப் பார்த்து, “இம்புட்டுப் புள்ள எனக்கே தொழில் சொல்லுது,” என்று சிரித்தார்.

கூடத்தில் வட்டம் வளர்ந்தது. நாலு கம்பி இருந்தால் மூடிவிடும் என்ற நிலையில் சரக்கு தீர்ந்துபோனது. இதற்குள் நான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில் ஓடும் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை மாமா வீடு திரும்பியதும் அவர் எதிரில் போய் நின்றேன்.

“மாமா, தண்டவாளம் நீங்கதான் கொண்டாரணும். கொண்டாரல. உங்க குடையில எட்டுக் கம்பி இருக்கு, எனக்கு நாலு போதும். இந்த ஊருல மழை எங்க பெய்யுது? நாளைக்கு ரயில் ஓடலேன்னா நான் எப்படித் தெருவுல தலைகாட்டுவேன்?”

மாமா குடையை ஒருமுறை விரித்துப் பார்த்தார்.

“நாலை எடுத்துட்டா மிச்சம் எதுக்கு ஆகும்? எட்டையும் எடுத்துக்க தாயி.”

அவரே இடுக்கியை வாங்கி ஒவ்வொரு கம்பியாகக் கழற்றித் தந்தார். கறுப்புத் துணியை நாலாக மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார். என் வாதத்திறமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரயில் ஓடியது. முதல் சுற்று முடிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. சாவி தீரும்வரை கவிழாமல், கம்பியும் கம்பியும் சேரும் இடத்திலெல்லாம் டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. எதுக்குடி ரயிலு என்று கேட்ட அம்மா முன்வரிசையில் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மிச்சக் கம்பிகளைப் பட்டறைக்காரரிடம் காட்ட வேண்டும் என்று மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்தெரு வழியாகவே போனேன். அவர் கம்பியைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தார்.

“வாங்க தம்பி, ஆளையே காணோமே. கொழும்புக்கு எப்பப் பயணம்?”

மாமாவின் பிடி என் கையில் இறுகியது. “போகலண்ணே,” என்றார். “அங்க கடையெல்லாம் போச்சு. இங்கதான் ஏதாவது வேலை பாக்கணும்.”

பட்டறைக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். “அப்ப நாளைக்கு வாங்க. சரக்குக் கட்டி அனுப்ப ஆளில்லாமத்தான் கிடக்கேன்,” என்றார்.

எனக்குக் கோபமான கோபம். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “அப்ப கப்பல்ல வருதுன்னது பொய்யா மாமா?”

“அதான் நீயே போட்டுட்டியே தாயி.” மாமா சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

என் வேலைத்திறமைக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலைநிமிர்ந்து நடந்தேன். மழையே இல்லாத ஊரில், வெயில் ஏறாத காலையிலும் பின்சந்தில் அவர் அந்தக் குடையை முகம் மறைய அவ்வளவு தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போனது எதற்கென்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. பின்னாலிருந்து கம்பிகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.