செல்விக்கும் சேர்த்து நான் சொன்ன பதில்

நானும் ஜெகதாப்பட்டினம் செல்வியும் நர்சுகள். புதுக்கோட்டையில் ஒன்றாக ஜப்பானிய மொழி படித்தோம். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரே ஒரு வேலை காலியாக இருந்தது. இருவரையும் ஒரே லேப்டாப் முன்னால் உட்காரவைத்து, அந்த மொழியிலேயே இன்டர்வியூ நடத்தினார்கள்.

"நல்லா பேசுறீங்களே" என்றார் மேலாளர். யாராவது புகழ்ந்தால், "இல்லங்க, இன்னும் நெறைய கத்துக்கணும்" என்று தலைகுனிவதுதான் அவர்கள் ஊர் மரியாதை. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன்.

"உங்க தோழியும் நல்லா பேசுறாங்க" என்றார்.

செல்வி வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இல்லங்க, அவ இன்னும் நெறைய கத்துக்கணும்."

அதையும் மரியாதை என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வகுப்பில் அவள்தான் முதல். வேலை எனக்குக் கிடைத்தது.

போன மாதம் லீவில் வந்தபோது பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இன்னும் அப்போது வேலை பார்த்த அதே கிளினிக்கில்தான் இருக்கிறாளாம். "இப்ப ஜப்பான்காரங்க மாதிரியே பேசுவீங்களாக்கா?" என்று சிரித்தாள்.

பழக்கதோஷத்தில் வாய் முந்திவிட்டது. "இல்ல செல்வி, இன்னும் நெறைய கத்துக்கணும்."

அவள் சிரிப்பு நின்றது. "அன்னைக்கு என்னையும் இப்படித்தானேக்கா சொன்னீங்க?" என்றவள், வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

ஜப்பானில் தினமும் யாராவது என் பேச்சைப் புகழ்கிறார்கள். நானும் குனிந்து அதே பதிலைத்தான் சொல்கிறேன். எவ்வளவு பணிவு என்று அதையும் சேர்த்துப் புகழ்கிறார்கள்.